சிலேட்டுக்குத் தலையாட்டியவன்

லெக்சிங்டன், 9 மார்ச் 1970

அன்பு டெல்மருக்கு,

ஃபார்மிங்டன் கரிச்சுரங்கம் வெடித்து எழுபத்தெட்டுப் பேர் போனார்களே, அதற்கு அடுத்த கோடையில் நிலவில் ஆள் இறங்கினான். அந்த வாரம்தான் என் தொண்டை கம்மியது. கரித்தூசிதான் என்று நினைத்துத் தேன் குடித்துத் திரிந்தேன். இப்போது டாக்டர் சொல்கிறார்: "புத்துநோய், பெரியவரே. குரல்வளையையே எடுக்கணும். கழுத்துல ஓட்டை போட்டு அது வழியா மூச்சு விடுவீங்க. எடுக்காட்டி கிறிஸ்துமஸ் பாக்கமாட்டீங்க."

"அப்ப பேச்சு?" என்றேன்.

"சிலேட்டு தர்றோம். எழுதிக் காட்டுங்க."

சிலேட்டை வைத்து நான் என்னடா செய்வேன்? நம் சபையில் நாற்பது வருடம் நான் வரியை இழுத்துச் சொல்ல, எல்லோரும் பின்னால் பாடினார்கள். கையில் பாட்டுப் புத்தகத்தைச் சும்மா பிடித்திருந்தேன் என்பது செத்துப்போன என் பெண்டாட்டி ஓபலுக்கும் உனக்கும்தான் தெரியும். குரல் போனால் நான் எதற்கு? அடுத்த வியாழன் அறுவை. பேசாமல் வீட்டுக்குப் போய்விடட்டுமா? சீக்கிரம் சொல்.

இதை எழுதித் தருகிற பக்கத்துக் கட்டில் கிளேட்டன் நாளை வீட்டுக்குப் போகிறார்.

உன்,
ஆர்பி

டெட்ராய்ட், 12 மார்ச் 1970

அடே ஆர்பி,

வீட்டுக்குப் போய் என்ன செய்வாய்? கோழிகளுக்கு வரி சொல்லிக்கொடுப்பாயா? ஒழுங்காக அறுத்துக்கொள். முடிந்தால் நானே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என் நுரையீரலில் பாதி கரி, ஆக்ஸிஜன் உருளையோடு வாசல்வரைதான் என் பயணம். ஒன்று மட்டும் செய். உனக்குப் படிக்கத் தெரியாது என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடு. உன் வீம்பு எனக்குத் தெரியும்.

டெல்மர்

லெக்சிங்டன், 27 ஜூன் 1970

அன்பு டெல்மர்,

உன் கடிதம் வந்தபோது கிளேட்டன் போய்விட்டார். வேறு யாரிடமும் நீட்ட மனம் வரவில்லை. பிரிக்காமல் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு அறுவைக்குப் போனேன்.

பிறகு வந்தவர்கள் எல்லோரும் சிலேட்டில் எழுதியே கேட்டார்கள். என் காதுக்கு ஒரு குறையும் இல்லை. வாய் பேசாதவனிடம் யாரும் வாய் திறப்பதில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்து ஆமாம் என்றோ இல்லை என்றோ தலையாட்டி வைத்தேன். ஏழு வாரம் ஊமையாகக் கிடந்தேன். செத்தால் தேவலை என்றிருந்தது.

மே மாதம் நவோமி என்கிற பேச்சுப் பயிற்சிக்காரப் பெண் வந்து வாய்விட்டே கேட்டாள்: "பேசக் கத்துக்க வேண்டாம்னு நீங்களா தலையாட்டுனீங்க? ஏன் தாத்தா?"

எந்தக் கேள்விக்கு இல்லை என்று தலையாட்டினேன் என்பது அப்போதுதான் புரிந்தது. உன் கடிதத்தை எடுத்து அவள் மடியில் போட்டு, என் கண்ணைப் பொத்திக் காட்டினேன். உரக்கப் படித்தாள். கோழி வரி வந்ததும் சிரித்தாள். படிக்கத் தெரியாது என்ற இடத்தில் நின்றுவிட்டாள். சிலேட்டைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தாள்.

"காத்த முழுங்குங்க. ஏப்பமா மேல கொண்டாங்க. அந்த ஏப்பத்த நாக்கால பேச்சாக்குங்க" என்றாள். மூன்று வாரம் வெறும் ஏப்பம். பிறகு ஒரு 'பா'. இப்போது ஒரு ஏப்பத்துக்கு நாலு சொல் வருகிறது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதும் இந்தக் கடிதத்துக்கு மூன்று நாளாகிறது.

போன ஞாயிறு ஊருக்குப் போய் நம் சபையில் எழுந்து நின்று முதல் வரியைச் சொன்னேன். ராகம் இல்லை, டெல்மர். தவளைச் சத்தம். ஒரு குழந்தை வீறிட்டது. பின்னால் ஒருவரும் பாடவில்லை. "போதும், உக்காருங்க பெரியவரே" என்றார் புது மூப்பர்.

எப்படிப்பட்ட சத்தத்துக்கும் பின்பாடுகிறவர்கள் நம் முன்வரிசையில் இருந்தார்கள். லூதர்மேல் சுரங்கக் கூரை விழுந்தது. ரேச்சல் பிரசவத்தில் போனாள். ஹோபர்ட் இருமியே போனான். என் ஓபலும் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை டெட்ராய்ட்டுக்குப் பஸ் ஏறுகிறேன். உருளையைக் கழற்ற வேண்டாம், எழுந்து நிற்க வேண்டாம். நான் ஒரு வரி சொல்வேன், நீ பின்னால் பாடு. அதுவரை தயவுசெய்து இரு. அந்த வரிசையில் இன்னும் மூச்சு விடுகிறவன் நீ ஒருவன்தான், டெல்மர் ஃப்யூகேட்.