ஒரு டிக்கெட்டும் இரண்டு நீதிமன்றங்களும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முதல் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். ஸ்டியரிங் மேல் கைவைத்துச் சத்தியமாகச் சொல்கிறேன், இந்த நோட்டே நம்பாது. பேனா பாதியில் மை கக்கி மறுத்தாலும் ஆச்சரியமில்லை.

காலையில் ஒரு கடிதம் வந்தது. மூன்று கிலோ இருக்கும். தபால்காரர் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து. என் பெயரில் கட்டப்படாத போக்குவரத்து டிக்கெட் ஒன்று ஏதோ ஓர் உள்ளூர் நீதிமன்றத்தில் கிடக்கிறதாம். மார்ச் 24க்குள் தீர்க்காவிட்டால் என் டிரைவிங் ஸ்கூலின் அனுமதி நிறுத்தி வைக்கப்படுமாம். எந்த நீதிமன்றம்? எழுதவில்லை. டிக்கெட் நம்பர்? எழுதவில்லை. கீழே கையெழுத்து மட்டும் கோழி கிளறியது மாதிரி ஒரு முழ நீளத்துக்கு.

என் ஸ்கூல் என்றால் லேசுப்பட்டதா? ஒரு கார், ஒரு ஆசிரியர், இரண்டு பிரேக். இந்த ஊரில் ஓடுகிற வண்டிகளில் பாதி என் சிஷ்யர்கள். மீதிப் பாதி என் சிஷ்யர்களைக் கண்டு ஒதுங்குகிறவர்கள்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "யாருக்குங்க லெட்டர்?"

"எனக்குத்தான். அரசாங்கம் விருது குடுக்கப்போகுதாம்."

"எவ்வளவு அபராதம்?"

இவளிடம் கதை விடுவதைவிட சுவரில் வண்டி ஓட்டுவது சுலபம்.

ஸ்கூல் ஒரு மாதம் மூடிக் கிடந்தால் எனக்கொன்றுமில்லை, தூங்குவேன். சிக்கல் அக்கா மகள். நர்ஸம்மா என்றுதான் வீட்டில் கூப்பிடுவோம். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, நோயாளிகளின் வீட்டுக்கே காரில் போய் ஊசி போட்டுக் கட்டு மாற்றுகிற வேலை அவளுக்கு. லைசென்ஸ் இருந்தால்தான் வேலை. தேர்வு மார்ச் 27ஆம் தேதி, என் ஸ்கூல் பேரில் பதிந்தது. ஸ்கூல் நின்றால் தேதி போச்சு. அடுத்த தேதி ஜூனில். அதுவரை அந்த வேலை காத்திருக்குமா? வேறு எவளாவது உட்கார்ந்துவிடுவாள்.

மார்ச் 5, புதன்

எந்த டிக்கெட் என்று தெரியும். தெரியாத மாதிரி ஒரு நாள் நடித்துப் பார்த்தேன். என்னிடமே எடுபடவில்லை.

ஜனவரியில் நடந்தது. நர்ஸம்மா ஓட்டினாள், நான் பக்கத்தில். சோடா கம்பெனிக்கு எதிரே ஒரு ஒருவழித் தெரு. அதில் தப்பான பக்கமாகத் திரும்பிவிட்டாள். எதிரே ஒரு சிமெண்ட் லாரி, அதற்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர். எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: போலீஸ் நிறுத்தினால் லைசென்ஸ் கார்டை நீட்டுவது ஆசிரியர்தான். ஓட்டப் பழகுகிறவர் பேரில் டிக்கெட் விழுந்தால் தேர்வு ஆறு மாதம் தள்ளிப் போகும். நான் இறங்கி, காருக்குப் பின்னால் போய், சீட்டை வாங்கி, சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

"என்ன மாமா சொன்னாரு?" உதடெல்லாம் வெளுத்துப் போயிருந்தாள்.

"என்னைப் பார்த்ததும் சல்யூட் அடிச்சுட்டான். 'உங்ககிட்டதான் சார் நான் ஜீப் ஓட்டக் கத்துக்கிட்டேன்'னு கண்ல தண்ணி."

பிறகு அந்தச் சீட்டை அவள் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தேன். அவ்வளவு திறமையாக ஒளித்துவைத்தேன், இன்றைக்கு எனக்கே கிடைக்கவில்லை. காரைக் குடைந்ததில் கிடைத்தவை: மூக்குக்கண்ணாடி நாலு, அதில் என்னுடையது ஒன்று; யாரோ கிளட்ச்சைக் கட்டிப்பிடித்தபோது கழன்ற செருப்பு ஒன்று; 'சார் நான் இனி வரமாட்டேன்' என்று ஒரு துண்டுச்சீட்டு.

அவளிடம் கேட்கவும் முடியாது. டிக்கெட் என்று தெரிந்தால் நேரே நீதிமன்றத்துக்குப் போய் 'ஓட்டினது நான்தான்' என்று நிற்பாள். நேர்மை அப்படி. அவள் அப்பா பக்கத்து ரத்தம், எங்கள் பக்கம் அந்த வியாதி கிடையாது.

ஏற்கெனவே ஜனவரியிலிருந்து எந்தத் திருப்பம் வந்தாலும் வண்டியை நிறுத்திவிடுகிறாள். சும்மா நிற்கிறது. பின்னால் ஹாரன் கச்சேரி. 'திரும்பும்மா' என்றால் பிரேக்கை இன்னும் அழுத்துகிறாள். ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

முதல் நீதிமன்றம். படி மட்டும் ஆயிரம் இருக்கும். ஏறி முடிக்கையில் எனக்குத் தாடி வளர்ந்திருந்தது. கவுன்ட்டரில் ஓர் அம்மாள், முன்னால் கண்ணாடித் தடுப்பு, அதில் அரையணா அளவுக்கு ஓர் ஓட்டை. காதைக் கொடுப்பதா வாயைக் கொடுப்பதா?

"டிக்கெட் நம்பர்?"

"அதைத் தேடித்தான் வந்திருக்கேன்மா."

"நம்பர் இருந்தாத்தான் சார் தேட முடியும்."

"நம்பர் இருந்தா நான் ஏன் தேடறேன்?"

சற்று யோசித்தார். நான் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று முகத்தில் தெரிந்தது. உடனே அதைத் துடைத்துவிட்டு, "எந்த இடம்?" என்றார். சோடா கம்பெனி எதிரே என்றேன்.

"எதிரேன்னா அந்தப் பக்கம். ரோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நம்ம எல்லை. கம்பெனிக்குள்ள தப்பாத் திரும்பியிருந்தா எங்ககிட்ட வந்திருக்கும்."

"அடுத்த தடவை அப்படியே செய்யறேன்மா."

சிரிக்கவில்லை. அந்தக் கண்ணாடிக்குள் சிரிப்பு போகாது போலிருக்கிறது.

மார்ச் 8, சனி

விடுமுறை. பாடம் மட்டும். நர்ஸம்மா ஏழு திருப்பத்தில் ஏழிலும் நின்றாள்.

மார்ச் 10, திங்கள்

இரண்டாவது நீதிமன்றம். மாவு மில்லுக்கு மேல் மாடி. நீதிபதி திங்களும் வியாழனும்தான் வருவார். கீழே மெஷின் ஓடும்போது மேலே சட்டமே கிடுகிடு என்று ஆடுகிறது. குமாஸ்தா மூக்குப்பொடி நிறத்தில் ஒரு பெரியவர், தோளெல்லாம் மாவு.

என் பெயரைப் போட்டுத் தேடினார். என் பெயரில் ஐந்து பேர். அதில் ஒருவன் மேல் இருபத்தொரு டிக்கெட்! பெருமைப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அந்த ஐவரில் நான் மட்டும் இல்லை. வண்டி நம்பரைப் போட்டார். இல்லை. இங்கேயும் இல்லையென்றால் வேறு எங்கே போய்த் தேடுவது?

"ஒண்ணு இருக்கு," என்று மேஜைக் கடைசியிலிருந்து ஒரு தாளை உருவினார். "ரெண்டு மாசமா உசிர வாங்குது. பேரு தண்ணி பட்டு அழிஞ்சுபோச்சு. வண்டி நம்பர்னு போட்ட இடத்துல எழுத்தே இல்லாம வெறும் பத்து இலக்கம் இருக்கு. உலகத்துல அப்படி வண்டியே கிடையாது. எந்த ஆபீசுக்கு அனுப்பினாலும் திரும்பி வருது."

வாங்கிப் படித்தேன். படித்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. என் கார்க் கதவில் ஸ்கூல் போன் நம்பரை முழங்கை உயரத்துக்குப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன். போலீஸ்காரர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். பேர் அழியாத பிரதி ஒன்று லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போயிருக்கும், அதனால்தான் எனக்குக் கடிதம். விளம்பரம் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!

"ஐயா, இது என் நம்பர்."

"எப்படி நம்பறது?"

"அடிச்சுப் பாருங்க."

மேஜைப் போனை எடுத்து அடித்தார். என் பாக்கெட்டில் மணி அடித்தது. பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த வக்கீல் எழுந்து நின்று கும்பிட்டார்.

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "சார், நம்பர் தப்பு. 'இது என் வண்டியே இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, டிக்கெட் செத்துப்போகும். ஆனா விசாரணை வைப்பாங்க. போலீஸ்காரரைக் கூப்பிட்டு, யார் ஓட்டினதுன்னு கேப்பாங்க. ஏப்ரல் பதினாறுக்குத்தான் தேதி இருக்கு."

ஏப்ரல் பதினாறு! இருபத்தேழாம் தேதித் தேர்வு என்னாவது? போதாததற்கு அந்தப் போலீஸ்காரர் வந்து 'ஒரு பொண்ணு ஓட்டிச்சு' என்பார்.

"வேண்டாம்யா. என் வண்டிதான். நானே நிக்கறேன்."

"பணம் கட்டற கெடு தாண்டிடுச்சு. கவுன்ட்டர்ல கட்ட முடியாது. வியாழக்கிழமை நீதிபதி முன்னாடி ஒத்துக்கணும்."

மார்ச் 13, வியாழன்

முப்பது வருடமாகப் பிறரைத் திருத்திய மனிதன் இன்று கூண்டேறினான். கூண்டு இல்லை, ஒரு மேஜை. மேஜைமேல் மாவு.

பேசுவதற்கு நாற்பது நிமிட உரை தயார் செய்து வைத்திருந்தேன். அதில் என் தாத்தாவின் மாட்டுவண்டியெல்லாம் வருகிறது. நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பயிற்சி வண்டி. டிக்கெட் உங்க பேர்ல. ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன்."

"எப்படி ஆச்சு?"

"கவனக்குறைவுங்க."

"யாரோட?"

கீழே மெஷின் நின்றிருந்தது. சனியன், அந்த நேரம் பார்த்தா நிற்கவேண்டும்?

"என்னோடதுங்க."

அப்படிச் சொன்னேன் பாருங்கள், கேட்டு நீதிமன்றமே குலுங்கிக் குலுங்கி அழுதது. நீதிபதி எழுந்து வந்து என்னைத் தழுவி, 'இப்படியொரு குற்றவாளியை நான் கண்டதில்லை' என்றார். வக்கீல்கள் ஆளுக்கொரு மாலை. எப்பேர்ப்பட்ட நடிப்பு!

கட்டினேன். ரசீது வாங்கினேன்.

மார்ச் 14, வெள்ளி

ரசீதை லைசென்ஸ் அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. முத்திரை விழுந்தது. ஸ்கூல் பிழைத்தது. தேர்வுத் தேதியும் பிழைத்தது.

மார்ச் 22, சனி

தேதி பிழைத்து என்ன? தேர்வுக்குப் போகிறவள் திருப்பத்துக்குத் திருப்பம் நிற்கிறாள். இன்று ஆஸ்பத்திரி முக்கில் இரண்டு நிமிடம். பின்னால் வந்த பஸ் டிரைவர் இறங்கி வந்து, "ஏம்மா, வண்டி வேண்டுதலா?" என்று கேட்டார். அவள் அழுதுகொண்டே என்னிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டாள்.

அக்கா போனில் விளாசினாள். "டேய், என்னடா சொல்லிக்குடுக்கற? ராத்திரி சோறு எறங்கல அவளுக்கு. தேர்வே வேணாங்கறா."

"பயந்த சுபாவம்க்கா."

"அவளா? பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்து டீ குடிப்பா. அவளா பயந்த சுபாவம்?"

'போன்ல சார்ஜ் இல்லக்கா' என்று வைத்துவிட்டேன். இவ்வளவு மட்டமான பொய்யை நான் சொன்னதே இல்லை!

மார்ச் 26, புதன்

நாளைக்குத் தேர்வு. கடைசிப் பாடம். சோடா கம்பெனிப் பக்கமே போகாமல் சுற்றினோம். ஒரு முக்கில் நின்றாள். இந்த முறை நான் ஹாரனுக்கெல்லாம் பதறவில்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

"ஏன் நிக்கறே?"

"திரும்பணுமா வேண்டாமான்னு எனக்கே தெரியல மாமா. அன்னிக்கும் சரியாத்தான் திரும்பறேன்னு நெனச்சேன். லாரி வந்துது. என் கண்ணு எனக்குச் சரியாக் காட்டலன்னா நான் எப்படி ஓட்றது? நாளைக்கு யாரையாவது சாகடிச்சுட்டா?"

இரண்டரை மாதமாக இதையா சுமந்துகொண்டிருந்தாள்?

சரி, தேற்றவேண்டும். பொய்க்கு நான் எப்போது பஞ்சப்பட்டேன்? எடுத்து விட்டேன். "அன்னிக்கு நீயாத் திரும்பலம்மா. நேரா போகத்தான் பார்த்தே. 'இங்க திரும்பு'ன்னு நான்தான் சொன்னேன். பழைய சிஷ்யன் ஒருத்தன் குளத்துல கார் விட்ட கதையைச் சொல்லிக்கிட்டு இருந்தேன், போர்டைப் பாக்கவே இல்ல. நீ மாமா சொன்னாரேன்னு திரும்பினே. லாரியைப் பாத்த பயத்துல உனக்கு அது மறந்துபோச்சு. டிக்கெட்டும் போட்டாங்க. நான் கட்டினேன். சல்யூட்டெல்லாம் கிடையாது."

என்னையே பார்த்தாள்.

"நெஜமாவா?"

"நாளைக்கு எவன் சொன்னாலும் திரும்பாதே. நான் சொன்னாலும். போர்டைப் பாரு, உன் கண்ணைப் பாரு. அது சரியாத்தான் காட்டும்."

எஞ்சினைப் போட்டாள். போர்டை வாய்விட்டுப் படித்தாள். திரும்பினாள். அடுத்த முக்கிலும். அதற்கடுத்ததிலும். 'இடப்பக்கம் போ' என்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்த்தேன். "போர்டு அப்படிச் சொல்லல மாமா. வாய மூடிக்கிட்டு வாங்க" என்றாள்.

முப்பது வருடத்தில் நான் சொன்ன பொய்களிலேயே சிறந்த பொய். நோபல் பரிசுக்கு எழுதிப் போடலாம்.

மார்ச் 27, வியாழன்

பாஸ்! தேர்வு அதிகாரி காரிலிருந்து இறங்கி, தரையில் விழுந்து, என் காலணியின் தூசியை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நர்ஸம்மா வேலைக்குக் கொடுத்த காரின் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தாள். இந்த வாரம் பதினெட்டு வீடு. இன்று மட்டும் சாப்பிட நேரம் இருந்தது. நாலு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். போகும்போது என் மனைவியை ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன். முக்கில் திரும்பும் விளக்கு ஒளிர்ந்தது, ஒரு கணம், பிறகு வண்டி வழுக்கிக்கொண்டு போனது. நிற்கவே இல்லை.

மனைவி திரும்பி வந்து இந்த நோட்டை என் கையில் திணித்தாள். படித்திருக்கிறாள். "நீதிபதி கட்டிப்பிடிச்சாராமே? டைரிலயுமா புளுகுவீங்க? ஒரு வரியாவது உண்மை எழுதுங்க. யாருக்கு பயம்?"

சரி. எழுதுகிறேன்.

நீதிபதி கட்டிப்பிடிக்கவில்லை. 'அடுத்த ஆள்' என்றார். மாலை இல்லை. படி ஆயிரம் இல்லை, பதினாறு. தேர்வு அதிகாரி என் பக்கமே பார்க்கவில்லை. கடிதம் மூன்று கிலோ இல்லை.

26ஆம் தேதி அவளிடம் சொன்னேனே ஒரு பொய், திரும்பச் சொன்னது நான்தான் என்று. அது மட்டும் நிஜம்.