இல்லாத கிளட்ச்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் இடுப்பு வலி தேவலையா? அம்மா மாத்திரையை முழுங்குகிறாரா, தலையணைக்கடியில் ஒளித்துவைக்கிறாரா?

நெற்றியில் சின்ன வீக்கம்; பயப்படாதே. பட்டறைக்கு ஒரு பெரியவரின் பழைய பிக்கப் வண்டி வந்தது. இடது முழங்கால் தேய்ந்துபோய் அவரால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. வண்டியை விற்கவும் மனசில்லை. நான் பழைய கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு ஆட்டோமேட்டிக் மாட்டினேன். கிளட்ச் இருந்த இடம்வரை நீளுகிற மாதிரி அகலமான பிரேக்கும் வைத்தேன். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினேன். தெருமுனை வந்ததும் என் இடது கால் பழக்கதோஷத்தில் கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டது. என் நெற்றி ஸ்டியரிங்கில் மோதியது. அவருடைய பல்செட் டாஷ்போர்டில் போய் விழுந்தது.

அதை எடுத்து மாட்டிக்கொண்டு, "வண்டிய மாத்திட்ட தம்பி, உன் கால எப்ப மாத்தப்போற?" என்றார்.

என் அறையில் தங்கியிருக்கும் பெயிண்டர் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார். அவரிடம் ஒரு சின்ன டீ பாத்திரம் கொடுத்தனுப்பு. என் கையும் அந்த இடது காலைப் போலத்தான். தினமும் இரண்டு பேருக்கு டீ வைத்துவிடுகிறது. உன் பங்கையும் நானே குடித்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடக்கிறேன்.

முதலாளி ஹாரன் அடிக்கிறார்.

இடது காலை மடக்கி உட்கார்ந்திருக்கும்
உன் வீட்டுக்காரன்