புழுதிக்குள் விளக்கு

ஜூன் 14, 1999. திங்கள். மிட்லண்ட், டெக்சஸ்.

காலையிலேயே வெக்கை. எழுத நினைப்பவை:
1. புழுதிப் புயல் ஏன் வருகிறது
2. வீட்டில் இருந்தால்
3. சாலையில் இருந்தால்

1. சனியன்று பார்த்தது. தூரத்தில் இடிமேகம். மழை தரைக்கு வருமுன்பே பாதி ஆவி. குளிர்ந்து கனத்த காற்று கீழே விழுந்து, தரையில் மோதி, நாலா பக்கமும் ஓட்டம். வழியில் உள்ள மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு. காலமெல்லாம் பௌதிகம் நடத்தியவன், கண்ணால் பார்த்தது இப்போதுதான். விளக்கம் சரிதானா? லைப்ரரியில் பார்க்க வேண்டும்.

2. ஜன்னல் சாத்தல். கதவிடுக்கில் ஈரத்துண்டு.

3. ஓரம் கட்டி நிறுத்தல். எல்லா விளக்கும் போடுதல். நம் ஊரில் விளக்கில்லாமல் நின்ற லாரியில் பஸ் மோதியதாக எத்தனை செய்திகள்!

மாப்பிள்ளை ரவி எண்ணெய் வயல்களுக்கு தினமும் கார் ஓட்டுகிறவர். சாப்பிடும்போது மூன்றாவதை மட்டும் சொன்னேன். தயங்கித்தான்.

"நீங்க சொன்னா அப்பீல் ஏது மாமா?"

சுதா சிரித்தாள். "அப்பா, அவரு உங்க ஸ்டூடண்ட் இல்ல. சாப்பிட விடுங்க."

கிண்டல்தான். ஆனாலும் மாப்பிள்ளை கேட்டுக்கொண்டார். மகிழ்ச்சி.

ஜூன் 15. செவ்வாய்.

காற்றே இல்லை. வத்தக்குழம்பில் உப்பு அதிகம். பி.பி. மாத்திரை தீரப்போகிறது, சுதாவிடம் சொல்லக் கூச்சம். மேற்கே மேகம் கட்டிக் கலைந்தது. பேத்தி அனு: "தாத்தா, வொய் டு யூ கீப் லுக்கிங்?"

ஜூன் 16. புதன்.

மாலை நாலு மணி வாக்கில் மேற்கே பழுப்புச் சுவர். மேலே மின்னல், சத்தமில்லை. தெருக்கோடி வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பிறகு எங்கள் வேலியும். பட்டப்பகலில் விளக்கு போட்டோம். கண்ணாடியில் மண் அறையும் ஓசை. துண்டு நனைத்துக் கதவிடுக்கில் வைத்தேன்.

சுதா போனை வைத்துவிட்டு: "ஃப்ரீவேல மாட்டிக்கிட்டாராம். ரோட்டோரம் ஷோல்டர்ல நிறுத்திட்டாரு. நீங்க சொன்ன மாதிரி எல்லா லைட்டும் போட்டிருக்காராம். மாமா கிட்ட சொல்லுன்னாரு."

பெருமையாக இருந்தது. எழுதவே கூசுகிறது.

அப்புறம் அவர் செல் எடுக்கவில்லை. மண் அடங்கியது, நாலு சொட்டு மழை, ஜன்னலெல்லாம் சேறு. அனு டி.வி. போடவில்லை. ஆறரைக்கு போன். சுதா நின்றுகொண்டே கேட்டாள், "யெஸ், ஐ ஆம் ஹிஸ் வைஃப்" என்றாள், உட்கார்ந்தாள்.

ஜூன் 17. வியாழன். ஆஸ்பத்திரி.

மாப்பிள்ளைக்கு இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்தது. இன்னும் கண் திறக்கவில்லை. உயிருக்கு பயமில்லை என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பின்னால் வந்த டிரக் டிரைவருக்குக் கண்ணுக்குத் தெரிந்தது சிவப்பு விளக்கு மட்டும். முன்னால் வண்டி போகிறது, அதுதான் பாதை என்று பின்தொடர்ந்து வந்து மோதியிருக்கிறான்.

போலீஸ்காரர் சொன்னதை சுதா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இங்க எல்லாருக்கும் தெரியுமாம்ப்பா. நிறுத்தினதும் லைட்டை ஆஃப் பண்ணிடணுமாம். பிரேக்லேந்து காலையும் எடுத்துடணுமாம்."

காபி வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்தாள்.

திங்களன்று எழுதிய மூன்றாவது குறிப்பு தவறு. ஓரம் கட்டுவது சரி. விளக்கை அணைக்க வேண்டும்.