ரெக்சன் பெயரில் இருக்கும் பட்டியல்

பிப்ரவரி 17, திங்கள்

காலையிலேயே பிச்சைக்கண்ணு அண்ணாச்சி எங்கள் வாழை விவசாயிகள் சங்கத்துக்கு வந்துவிட்டார். வாழைக் காப்பீட்டுப் பட்டியலில் அவருடைய சர்வே எண் தப்பாக இருக்கிறது. 421 என்பதை 412 என்று அடித்திருக்கிறேன். நான்தான், வேறு யார்? இப்படியே போனால், காற்றில் வாழை சாய்ந்தாலும் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. பட்டியல் அனுப்பக் கடைசி நாள் 28. ரெண்டு நிமிஷ வேலை என்று பெருமையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மாலையில் பட்டியலைத் திறந்தால், படிக்க மட்டும்தான் விடுகிறது. திருத்த விடவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

சங்கத்துக் கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ். வைரஸ் வராது என்று, முன்பு இங்கே வேலை பார்த்த ரெக்சன் போட்டது. அவன் இருந்தவரை ஒரே லாகின், அவன் பெயரில். காலையில் பாஸ்வேர்டு போட்டுத் திறந்து விடுவது அவன்தான்; இரண்டு வருடம் நானும் அதில் உட்கார்ந்துதான் அடித்தேன். கப்பல் வேலைக்குக் கிளம்பும்போது எனக்கென்று தனி லாகின் போட்டுக் கொடுத்தான். சந்தோஷப்பட்டேன், கூறுகெட்டவள். பழைய பட்டியலெல்லாம் அவன் பெயரிலேயே நின்றுவிட்டது.

போனில் தேடி, அனுமதியை மாற்றும் 'சிஎச்மாட்' கட்டளையைப் பிடித்தேன். என்னுடைய கோப்பு ஒன்றைப் பூட்டினேன், திறந்தேன். வேலை செய்கிறது. பட்டியலில் போட்டால் — அனுமதி இல்லை. கோப்புக்குச் சொந்தக்காரர்தான் மாற்ற வேண்டுமாம். ஒவ்வொரு எழுத்தும் நான் அடித்தது. சொந்தக்காரன் நடுக்கடலில்.

பிப்ரவரி 20, வியாழன்

கம்ப்யூட்டர் நிர்வாகியின் அதிகாரத்தோடு கட்டளை போடும் 'சூடோ'வைப் போட்டுப் பார்த்தேன். உனக்கு அந்த அதிகாரம் இல்லை, இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும் என்று வந்தது. யாரிடம் தெரிவிக்கும்? எங்கள் செயலாளரிடமா?

பிப்ரவரி 21, வெள்ளி

உவரியில் இருக்கும் ரெக்சன் மனைவி லூசிக்குப் போன் போட்டேன். கப்பல் கரை சேர்ந்தால்தான் பேசுவானாம். சங்கத்துப் பாஸ்வேர்டு எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறானா என்று கேட்டேன்.

"அவுக போன் பாஸ்வேர்டே எனக்குத் தெரியாதுக்கா."

பிப்ரவரி 24, திங்கள்

செயலாளர் காசிலிங்கம் அண்ணாச்சியிடம் கேட்டேவிட்டேன். பட்டியலைப் படிக்க முடிகிறது. ஒரு காப்பி எடுத்தால் அது என் பெயரில் வரும், அதைத் திருத்தி அனுப்பிவிடலாம் என்றேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டாவது லிஸ்டுன்னு ஒண்ணு இருக்கவே கூடாது. போன வருஷம் ரெண்டு லிஸ்டு சுத்தி என்ன அடிதடி ஆச்சுன்னு பாத்தேல்லா? ரெக்சன் வரட்டும்."

பார்த்தேன்தான். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

பிப்ரவரி 27, வியாழன்

அதே கட்டளையை இன்று பத்துத் தடவை அடித்திருப்பேன். பத்துத் தடவையும் அனுமதி இல்லை.

செயலாளருக்குத் தெரியாம ஒரு காப்பி போட்டா என்ன? தெரிஞ்சா வேலை போயிரும். வீட்ல என்ன சொல்ல? — கை அங்கன போகுது, பயந்து திரும்பிருது. எனக்கு ஒண்ணுமே ஓடல.

பிப்ரவரி 28, வெள்ளி

பட்டியல் போய்விட்டது. 412.

மார்ச் 5, புதன்

ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து ரெக்சன் பேசினான். பாஸ்வேர்டு சொன்னான். உள்ளே போய்த் திருத்திவிட்டேன். காப்பீட்டு ஆபீஸில் கேட்டதற்குத் தேதி முடிந்துவிட்டது என்றார்கள்.

ஏப்ரல் 12, சனி

நேற்றுச் சாயங்காலம் சூறைக்காற்று. களக்காடு பக்கம் வாழையெல்லாம் குலையோடு படுத்துவிட்டது. பிச்சைக்கண்ணு அண்ணாச்சியுடையதும்.

இன்று சங்கத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். செயலாளர் அவரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்:

"இந்தப் பிள்ள ஒரு காப்பி எடுத்துத் திருத்தி அனுப்பியிருக்கலாம்லா. அந்த வெவரம் இல்லாமப் போச்சு."

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள்தானே கூடாது என்றீர்கள் — இப்போது வீட்டில் உட்கார்ந்து எழுதும்போது அழகாக வருகிறது.

அண்ணாச்சி டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்படிச் செஞ்சிருக்க முடியுமா, தாயி?"

முடியும் என்று தலையாட்டினேன்.