என் இருதயத்தில் ஓட்டை விழுந்த சாரல் காலம்

பாசத்துக்கும் பயத்துக்கும் ஒருசேர உரிய என் கோமதி அக்காவுக்கு,

ஐந்தருவியின் ஐந்து கிளைகளையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஆறாவது எங்கே என்று கேட்டவனாகிய உன் தம்பி சண்முகம் எழுதுகிறேன். நீ சிரிப்பது தெரிகிறது. சிரி. நீ போன தை மாதத்திலிருந்து என் பொய்களுக்குச் சரியான ஆள் இல்லை. இங்கே எல்லாரும் நம்பிவிடுகிறார்கள்.

சாரல் இந்த வருஷம் நன்றாகவே விழுகிறது. தென்காசிக் கோபுர வாசல் காற்று ஒரு ஆசாமியை வேட்டியோடு தூக்கிக்கொண்டு போய்க் குத்துக்கல்வலசையில் இறக்கிவிட்டதாக நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அவர் திரும்பி வர பஸ்ஸுக்குக் காசு கேட்டதாகவும் சேர்த்துக்கொண்டேன்.

சேதி அதுவல்ல. என் மகள், உன் மருமகள் செல்விக்கு முந்தாநாள் திருநெல்வேலியில் கருமுட்டை எடுத்தார்கள். ஆமாம் அக்கா, மெட்ராஸ் வேண்டாம், காரில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டோம். வந்ததும் வராததுமாக அவளே போனை எடுத்து, "எடுத்தாச்சு, நல்லா இருக்கேன், எல்லாரும் வேண்டிக்கோங்க" என்று குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். சென்னை, பெங்களூரு, பட்டாளத்தில் இருக்கிற பயல் என்று எல்லாப் பக்கமிருந்தும் கும்பிட்ட கைகளாக வந்து விழுந்தன. நீ பெட்டிக்குள் பெட்டி வைத்துப் பூட்டியதை, இவள் மொட்டை மாடியில் வடகம் மாதிரி காயப்போட்டுவிட்டாள். போனைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றேன். அத்தனை பாடு நாம் ஏன் பட்டோம் அக்கா?

எழுபதுகளில் உனக்குக் கல்யாணம் ஆனது. அத்தான் வருஷத்துக்கு ஒரு வாக்கியம் பேசுகிற மனிதர். அந்த வருஷ வாக்கியத்தைத் தாலி கட்டும்போதே செலவழித்துவிட்டதால் மறுவீட்டில் கண்ணாலேயே சாம்பார் கேட்டார். நாலைந்து வருஷம் போன பிறகு பண்பொழி மலைக்கு நடக்க ஆரம்பித்தாய். சஷ்டி தோறும் நீ குமரனிடம் பிள்ளை கேட்டாய், நான் மடப்பள்ளிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். நம் கால் பட்டுப் பட்டு அந்த மலையே ஒரு முழம் தேய்ந்தது. செங்கோட்டைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஒரு வைத்தியர் கொடுத்த கஷாயத்தில் ஒரு கரண்டி நான் ருசி பார்த்தேன். அதன்பிறகு பல நாள் அல்வாவும் வேப்பங்கொழுந்தும் என் நாக்குக்கு ஒன்றாகவே இருந்தன. நீ அதைத் தினமும் குடித்தாய்.

மற்ற மாதங்களைத் தள்ளிவிடலாம். சாரல் காலம்தான் கஷ்டம். உலகத்துச் சொந்தமெல்லாம் குற்றாலத்தில் குளிக்க வந்து நம் வீட்டில் இறங்கும். தலை நிறைய எண்ணெயைத் தேய்த்து, மெயினருவியில் தேகத்தைக் கொடுத்துவிட்டு, பசியோடு வந்து சாப்பிட்டுச் சுவரில் சாய்ந்ததும் ஒரு குரல் கிளம்பும்.

"கோமதி, விசேஷம் எதும் உண்டுமா?"

கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் சரியாக அந்த நேரத்துக்கு உனக்கு அடுப்பில் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். "இல்லத்த" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விடுவாய். ஒருநாள் பின்னாலேயே வந்து பார்த்தேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

கேட்பவர்களில் சக்கரவர்த்தினி வீரகேரளம்புதூர்ச் சித்தி. அம்மாவின் தங்கையாகிய அவள் தன் வீட்டில் ரகசியம் பேசினால் செங்கோட்டை ஸ்டேஷனில் ரயில் புறப்பட்டுவிடும். அவ்வளவு தொண்டை. "ஏட்டி, இந்த வருசமாவது உண்டா?" என்று அவள் கேட்பது தெருமுனைக்குக் கேட்கும்.

எண்பதுகளின் கடைசியில், மெட்ராஸில் ஒரு டாக்டரம்மா உன்னைச் சோதித்துவிட்டு, கருக்குழாய் அடைத்திருக்கிறது, முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி உள்ளே வைக்கிற புது முறை ஒன்று இருக்கிறது என்றார். நாள் கணக்குப் பார்த்தால் நட்ட நடுச் சாரலில் வந்து நின்றது. ஊரே தென்காசிக்கு வரும்போது தென்காசிக்காரி மெட்ராஸுக்குப் போனால் கேட்க மாட்டார்களா?

"ஏலே, ஒருத்தருக்கும் தெரியக் கூடாது," என்றாய்.

"நல்ல காரியம்தானக்கா. ஒளிக்க என்ன இருக்கு?"

"ஆகலேன்னா? வாரவ போறவள்லாம் மொகத்தப் பாத்து ஐயோ பாவம்பா. கேள்விய நான் தாங்கிக்கிடுவேன். அது நம்மால ஆவாது."

அத்தான் அந்த வருஷத்து வாக்கியத்தை அப்போதுதான் எடுத்தார். "அப்பம் வேற யாருக்காவது சீக்கு வரணும்." இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தீர்கள்.

"வயித்துவலின்னு சொல்லுலே, போதும்," என்றாய் நீ.

"வயித்துவலிக்கு எவனாவது மெட்ராஸ் போவானா? எனக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்லா."

இருதயத்தைத் தேர்ந்தெடுத்தேன். காலையில் டீக்கடையில் சொல்லும்போது ஓட்டை கடுகளவுதான் இருந்தது. மத்தியானம் கடைத்தெருவில் நாவல்பழம் ஆனது. சாயங்காலம் குற்றாலம் பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர், தென்காசியில் ஒரு பையனுக்கு நெஞ்சில் பஸ் ரிவர்ஸ் எடுக்கிற அளவு ஓட்டையாம் என்று என்னிடமே வருத்தப்பட்டார். நானும் சேர்ந்து வருத்தப்பட்டேன்.

மெட்ராஸிலிருந்து வந்த உன் ஊசி மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். நம் தெருவில் ஃபிரிட்ஜ் இருந்தது சோடா, கலர் விற்கிற கடை அண்ணாச்சியிடம் மட்டும்தான். "என் உயிரு இதுக்குள்ள இருக்கு அண்ணாச்சி" என்று பொட்டலத்தை நீட்டினேன். அவர் ஆரஞ்சுக் கலர் பாட்டில்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு இடம் கொடுத்தார். தினமும் ஒரு நர்சம்மா வீட்டுக்கு வருவார். கதவைச் சாத்திக்கொண்டு ஊசியை உனக்குப் போடுவார். வெளியே இருக்கிற விருந்தாளிகளுக்காக அலறுவது என் பொறுப்பு. நீ பல்லைக் கடித்துக்கொண்டு, "மெதுவா அலறுலே, சிரிப்பு வருது" என்பாய். இடுப்பில் ஊசி நின்றுகொண்டிருக்கும்போது சிரித்த ஒரே மனுஷி நீதான்.

எல்லாம் சரியாகப் போனது, தென்காசி ஸ்டேஷன் வரைக்கும். அங்கே படுக்கைச் சுருட்டும் தூக்குவாளியுமாகச் சித்தி நின்றாள்.

"நெஞ்சுச் சீக்காளிய நீங்க ரெண்டு பேரா கூட்டிட்டுப் போறிய? நாங்கள்லாம் செத்தா போய்ட்டோம்?"

நோயாளியைத் துணையில்லாமல் வெளியூர் அனுப்புகிற வழக்கம் நம் சனங்களுக்குக் கிடையாது. நோயை அத்தனை அழகாகச் செய்த எனக்கு அது மட்டும் மறந்து போயிற்று. வயிற்றுவலி என்றிருந்தால் ஒருத்தரும் வந்திருக்க மாட்டார்கள். நீ என்னைப் பார்த்த பார்வையில் ரயில் கரி இல்லாமலே ஓடியிருக்கும்.

வண்டியில் சித்தி ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். தூக்குவாளியைத் திறந்து உனக்கும் அத்தானுக்கும் வடை கொடுத்தாள். நான் கை நீட்டினால், "சீக்காளிக்கு எதுக்குலே வடை? கஞ்சி இருக்கு, குடி," என்றாள். மதுரை வரைக்கும் வடை வாசனையை மட்டும் சாப்பிட்டேன்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் முதல் சில நாட்கள் சமாளித்தோம். எனக்காக டாக்டரைப் பார்க்கப் போவதாக நீயும் அத்தானும் உள்ளே போவீர்கள். நான் சித்தியின் தோளில் சாய்ந்து நடைபாதையில் உட்கார்ந்திருப்பேன். சித்தி சுற்றிலும் பார்ப்பாள். எதிரே, பக்கத்தில், எல்லாம் பொம்பளைகள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததே எனக்கு உண்மையான நெஞ்சுவலியைக் கொண்டுவந்தது.

முட்டை எடுக்கிற காலையில் பச்சை அங்கியோடு நீ தள்ளுபடுக்கையில் கிடந்தாய். சித்தி நேராக எழுந்து வந்துவிட்டாள். அவசரத்துக்கு நாற்பது பொய்களை நாக்கின் நுனியில் வரிசையாக நிறுத்தினேன். சித்தி என்னைத் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தினாள்.

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம்லே."

நகையெல்லாம் கழற்ற வேண்டும் என்று நர்ஸ் தாலிச் சங்கிலியைக் காட்டினாள். நீ அதைக் கையால் மூடிக்கொண்டாய். சித்தி தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் துண்டை எடுத்து நூலில் முடிந்து உன் கழுத்தில் கட்டிவிட்டு, அதன் பிறகு சங்கிலியைக் கழற்றித் தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள். உன் பின்னலை அவிழ்த்து இரட்டையாகப் பின்னினாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டாய். அந்த நேரம் முழுக்க அந்தத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் இல்லை. நான் பார்த்த அதிசயங்களில் நான் கூட்டிச் சொல்லாத ஒரே அதிசயம் இது.

மயக்கம் தெளிந்து நீ கேட்ட முதல் கேள்வி அத்தானைப் பற்றியில்லை. டாக்டரம்மாவைப் பார்த்து, குழறிக் குழறி, "இருந்துச்சா?" என்றாய்.

"நாலு கிடைச்சுதும்மா."

"நாலா?" என்று கேட்டுவிட்டுச் சித்தி பக்கம் தலையைத் திருப்பினாய். "சித்தி, எங்கிட்டயும் இருந்திருக்கு."

"இல்லாம எங்கட்டி போவும்? ஒறங்கு."

உனக்குள் ஒன்றுமே இல்லை என்று நீயே நம்பிக்கொண்டிருந்திருக்கிறாய் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்து வாய் ஓயாமல் பேசியவனுக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குக்கூடத் தெரிகிற மாதிரி நீ சிரித்தாய். உன் கல்யாணப் படத்தில்கூட அந்தச் சிரிப்பு இல்லை.

கருவை உள்ளே வைத்தார்கள். காத்திருந்தோம். ஒரு காலையில் லாட்ஜின் குளியலறையிலிருந்து நீ வெளியே வந்து அத்தானைப் பார்த்து இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாய். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, "வா, வந்து சாப்பிடு," என்றாள்.

ஊர் திரும்பும்போது எனக்கு ஒரே கவலை. சித்தியின் வயிற்றில் ரகசியம் தங்குமா? வீடு நிறையச் சாரல் விருந்தாளிகள். நாம் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் கூடத்துக்குப் போய் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டாள்.

"டாக்டரு இவன் நெஞ்சத் தொறந்து வெளிய எடுத்து வச்சுட்டான். தட்டுல கெடந்து துடிக்கி. வெத்தல அகலத்துக்கு ஓட்டை. உள்ள இருந்து தச்சு, கழுவி, பழையபடி வச்சு மூடிட்டான்."

"தழும்பு எங்கன இருக்கு?" என்றார் ஒரு மாமா.

"வெளிநாட்டுத் தையலு. தெரியாது."

அக்கா, நான் தலை குனிந்தேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் பொய் பேசுகிறவன் நான்தான் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தித் திரிந்திருக்கிறேன். மெய்யான வித்வான் வீரகேரளம்புதூரில் இருந்திருக்கிறாள். மிச்சச் சாரல் முழுக்க வந்தவர்கள் எல்லாரும் என் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

எல்லாரும் போன ஒரு மத்தியானம் நீ சோற்றுப்பானையைக் கழுவிக்கொண்டே சொன்னாய்: "ஏலே, இந்த வருசம் ஒருத்தி கூட எங்கிட்ட விசேஷமான்னு கேக்கல, பாத்தியா." சாதாரணமாகத்தான் சொன்னாய். உனக்காகப் பானையைத் துடைத்து வைத்தேன்.

மறுபடி ஒரு தடவை போய்ப் பார்ப்போமா என்று அத்தான் கேட்டதும், நீ போதும் என்றதும் எனக்குத் தெரியும். ஏன் போதும் என்றாய்? உடம்பு அலுத்ததா, அந்தக் காலையை இன்னொரு முறை பார்க்கப் பயமா, இல்லை, உனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டதா? கேட்டிருக்கலாம். நீயும் சொல்லியிருக்கலாம்.

சித்தி அதைக் கடைசிவரை யாரிடமும் சொல்லாமல் கொண்டுபோனாள். அத்தான் கொண்டுபோனதில் ஆச்சரியமில்லை. தை மாதம் உன் கட்டில் பக்கத்தில் நான் இருந்தபோது நீ சொன்னது நினைவிருக்கிறதா? "நான் போன பெறவு யாருக்காவது ஒதவும்னா சொல்லு. சும்மா கதைக்குச் சொல்லாத." யாருக்கு உதவப் போகிறது என்று அப்போது நினைத்தேன்.

நேற்று செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குழுவில் கும்பிட்ட கைகளை எண்ணிய அதே பெண் மாதிரி இல்லை, வேறு ஒருத்தி மாதிரி இருந்தாள். "நம்ம வீட்ல இதுக்குன்னு போய்ப் படுத்தது நான் ஒருத்திதானப்பா? மத்தவங்களுக்கெல்லாம் தானா நடந்துச்சு" என்றாள். பதில் தொண்டை வரை வந்தது. உன்னை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளாமல் சொல்ல மனசு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நாளை மறுநாள் கருவை உள்ளே வைக்கிறார்கள். அவளை நான்தான் கூட்டிப் போகிறேன். வழியில் ஆலங்குளம் தாண்டுவதற்குள் உன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், நடந்தது நடந்தபடி, ஒரு கடுகளவும் கூட்டாமல். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். பிறகு முடிவு வருகிற நாளிலும் பக்கத்தில் இருப்பேன். தங்கினால் ஊரைக் கூட்டுவேன், அதை யாரும் தடுக்க முடியாது. தங்கவில்லை என்றால் அவள் முகத்தைப் பார்த்து யாரையும் ஐயோ பாவம் என்று சொல்லவிட மாட்டேன். என் கண்ணையும் சொல்லவிட மாட்டேன். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, வா, வந்து சாப்பிடு என்று மட்டும் கூப்பிடுவேன்.

இது சத்தியம் அக்கா.

உன் கூடப்பிறந்தவன், செல்வியின் அப்பா,
சண்முகம்