சுண்ணாம்பு கலந்த காட்டு மண்

மேலப்புதூர், திருச்சி
13-4-1987

அன்புத் தங்கை லூர்துராணிக்கு அண்ணன் அருள்நாதன் எழுதுவது.

அம்மாவும் நானும் சுகம். நார்வேயில் குளிர் விட்டதா? ஜூனில் பட்டத்தோடு வருவாய் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி, உனக்காக வடகமும் போட்டு வைத்திருக்கிறாள்.

ஆலைப் புகையை வடிகட்டிய பிறகு காட்டு மண்ணின் அமிலம் எத்தனை வருஷத்தில் தணியும் என்று நீ கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாய். அதற்காகப் போன டிசம்பரில் நான் அளந்து அனுப்பிய மருங்காபுரிக் காட்டு மண் எண்கள் தப்பு. கல்லூரிக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை என்று மண்ணை நம் மொட்டை மாடியில் உலர்த்தினேன். பண்டிகைக்காக அப்போதுதான் கைப்பிடிச் சுவருக்கு வெள்ளையடித்திருந்தோம். வெள்ளையடித்த வேலம்மாள், “அய்யா, இன்னும் சுண்ணாம்பு உதிருதுங்க, இங்கயா மண்ணைக் கொட்டுறீங்க?” என்று கேட்டாள். மண்ணைப் பற்றி எனக்கே பாடம் சொல்கிறாயா என்று அதட்டி அனுப்பினேன். சுண்ணாம்பு அமிலத்தைக் கொன்றுவிடும் என்பது தெரியாதவனா நான்?

பிப்ரவரியில் மறுபடி மண் எடுத்து வந்து, ஆய்வுக்கூடத்தில் நிழலில் உலர்த்தி அளந்தேன். அமிலம் பழையபடியே இருக்கிறது. காடு தேறவே இல்லை, ராணி.

அன்றே எழுதியிருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம்தான் உன் கடிதம் வந்தது. மண் இவ்வளவு சீக்கிரம் தேறாது என்று பேராசிரியர் சந்தேகப்பட்டதையும், அண்ணன் அளந்தது தப்பாது என்று நீ அவரோடு வாதாடி, அந்த எண்களுக்கு ஏற்பக் கணக்கையே மாற்றியதையும் எழுதியிருந்தாய். இருபது வருஷமாகக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவுகிறவன் நான். அந்த வரியைக் கல்லூரியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு எண்கள் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நேற்று குருத்து ஞாயிறு. பாஸ்கா பண்டிகைக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோவிலுக்குப் போனேன். சாமியார் என் பாவத்தைக் கேட்டுவிட்டு, “எங்கிட்டச் சொன்னா மட்டும் போதாதுங்க, தங்கச்சிக்கு எழுதுங்க” என்றார்.

சரியான எண்களை இத்துடன் வைத்திருக்கிறேன். பேராசிரியரிடம் என் பெயரைச் சொல்லியே கொடு. கணக்கைத் திரும்பப் போட ஒரு வருஷம் ஆகுமோ, உதவித்தொகை நின்றுவிடுமோ, எனக்குத் தெரியாது. ஜூனில் நீ வரமாட்டாய் என்பதை அம்மாவிடம் நானே சொல்கிறேன்.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும். திட்டியாவது ஒரு வரி எழுது. அண்ணா என்று ஆரம்பிக்க மனம் வராவிட்டால், பெயரைப் போட்டே எழுது.

அருள்நாதன்