ஓடிக்கொண்டிருந்த பம்ப்

பிப்ரவரி 3
எங்கள் ஊர்க் குடிநீர் நிலையத்தை இனாமாகக் கட்டிக் கொடுத்த வெளிநாடு கைகழுவிவிட்டது. இனி உதிரிபாகம் வராதாம். இரண்டு பம்பில் ஒன்று ஏற்கெனவே படுத்துவிட்டது. மற்றதை நான்தான் தாஜா செய்து ஓட்டுகிறேன்.

"என்னை இவ்ளோ தாங்கியிருந்தா நான் எங்கேயோ இருந்திருப்பேன்" என்கிறாள் வீட்டுக்காரி. வாஸ்தவம். பம்ப் திருப்பித் திட்டாது அல்லவா!

பிப்ரவரி 20
வேறொரு நாடு கடன் தருகிறதாம். புது பம்புகள். என்ஜினீயர் என் தோளில் கை போட்டார் — அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அந்த நாட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட வரும்போது பம்ப் அறை காலியாக இருக்க வேண்டுமாம். பழைய நாட்டுச் சாமான் ஒன்றும் கண்ணில் படக்கூடாதாம்.

"ஓடுற பம்ப் சார். புதுசு வந்தப்புறம் கழட்டலாமே?"

"அது என்னய்யா உனக்கு மச்சானா? கழட்டு. புதுசுக்கு நீதான் ஃபோர்மேன்."

ஃபோர்மேன்! வீடு வரும்வரை கால் தரையில் படவில்லை.

மார்ச் 2
கழற்றியாயிற்று. ஒரு போல்ட் சிதறவில்லை, அவ்வளவு நறுவிசு. பழைய இரும்புக்காரர் ஏற்றிக்கொண்டு போனார்.

"அதுவரைக்கும் தண்ணிக்கு என்னப்பா?" என்றாள் மகள்.

"ஒரு மாசம் லாரித் தண்ணிம்மா. அப்பா பாத்துக்கறேன்."

ஏப்ரல் 19
கடனுக்கு இன்னும் கையெழுத்து ஆகவில்லை.

ஜூன் 11
கடன் கொடுப்பதாகச் சொன்ன நாட்டில் ஆட்சி மாறிவிட்டது. வெளிநாட்டுக் கடனெல்லாம் நிறுத்தம். அங்கே யாரோ ஓட்டுப் போட, இங்கே என் வீட்டுக் குழாய் காய்கிறது.

மகளுக்கு மஞ்சள் காமாலை. லாரித் தண்ணீர்தான் காரணம் என்றார் டாக்டர். நானா? நான்தான். வேறு யார் கழட்டினது?

ஆகஸ்ட் 7
மகள் எழுந்து நடக்கிறாள்.

மூன்றாவதாக ஒரு வெளிநாட்டு வங்கியின் ஆட்கள் வந்தார்கள். கூட வந்த மொழிபெயர்ப்புப் பெண் சொன்னாள்: "ஓடிட்டிருக்கிற நிலையத்தை ரிப்பேர் பண்றதுக்குத்தான் இவங்க பணம் தருவாங்க. பம்ப் எங்கே?"

என்ஜினீயர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். போல்ட் இருந்த ஓட்டைகள். ரொம்ப சுத்தமாகக் கூட்டி வைத்திருந்தேன்.

அக்டோபர் 2
நிலையத்துக்குப் பூட்டு. தண்ணீர் லாரி முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார். ஹோஸ் பிடிக்கிற வேலை. இன்று எங்கள் தெரு. வரிசையில் மகள், இரண்டு வாளியோடு.

"வீட்டுக்கு ஒரு வாளிதான்மா" என்றேன், எல்லாரிடமும் சொல்கிற மாதிரி.

"சரிங்க" என்று ஒன்றை நீட்டினாள்.